டபுள் ஷாக்கர் ஆசையும் பாப்பாவோட இலவச சைக்கிளும்: பத்து மாசம் ஓட்டுன எம்டிபி ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு மவுண்டன் பைக் (சுருக்கமா எம்டிபி) தேவையே இல்ல. அதியமான்கோட்டை பக்கம் வீடு, தர்மபுரி டவுன்ல விதைக்கடை, போக ஏழு வர ஏழுன்னு பதினாலு கிலோமீட்டர், அதுவும் நல்ல தார் ரோடு, ஒட்டப்பட்டி இலக்கியம்பட்டி கலெக்டர் ஆபீஸ்னு நேரா போய்ச் சேந்துடலாம். மூட்டை ஏத்த எக்ஸல் இருக்கு. சைக்கிள்ங்கற பேச்சே டாக்டர் ஆரம்பிச்சு வச்சது தான், சுகர் பார்டர்ல நிக்குது, நடங்க இல்லன்னா சைக்கிள் மிதிங்கன்னாரு. எனக்கு நடக்கப் புடிக்காது. அவரு வாயில இருந்து சைக்கிள்னு வந்த அடுத்த நிமிஷமே என் மண்டைல ஓடுனது செகப்பு கலர்ல டயர் தடிச்ச, முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் வச்ச டபுள் ஷாக்கர் தான், ஒம்பதாவது படிக்கறப்ப மளிகைக்கடைக்காரர் பையன் ஒண்ணு வச்சிருந்தான், ஒரு தடவ தொட்டுப் பாக்க விட்டான், ஓட்ட விடல.

வீட்ல சொன்னேன். "பாப்பா சைக்கிள் சும்மா தானங்க கெடக்கு, அத எடுத்துட்டுப் போங்க"ன்னா. நியாயமான பேச்சு. பாப்பா பிளஸ் ஒன் படிக்கறப்ப ஸ்கூல்ல குடுத்த இலவச சைக்கிள், அவ காலேஜ் ஹாஸ்டல் போனதுல இருந்து திண்ணைல சாஞ்சிருக்கு, முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், செயின் கவர், மட்காடு, ஸ்டாண்டு, பெல்லு, பூட்டு வரைக்கும் எல்லாம் அதுலயே இருக்கு. ரெண்டு டயரும் மாத்தி பால்ரஸ் மாத்தி ஓவராயில் பண்ண 900 ரூபா ஆச்சு. ஒரு மாசம் அதத்தான் ஓட்டுனேன். இப்ப யோசிச்சா அந்த வண்டி மேல ஒரு குறையும் சொல்ல முடியல, வேட்டி கட்டிட்டுக் கூட மிதிக்கலாம், கூடைல டிபன் பாக்ஸ் வச்சா சாம்பார் சிந்தாது. ஆனா எதுத்தாப்புல காத்து அடிச்சாலோ கொஞ்சம் மேடு வந்தாலோ எறங்கித் தள்ள வேண்டியது தான். ஒரு நாள் உக்காந்து பல்லு எண்ணுனேன், முன்னாடி 44, பின்னாடி 18, அப்படின்னா ஒரு மிதிக்கு வண்டி அஞ்சு மீட்டர் போயாகணும், மேடோ பள்ளமோ அதுக்குக் கவலை இல்ல, மிதிக்கறவன் தான் அழணும்.

அது தான் எனக்கு ஒரு சாக்கு. மேடு ஏற முடியல, கியர் வேணும், கியர் வேணும்னா எம்டிபி தான்னு நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிட்டேன்.

மொதல்ல போன கடைல (பேரு வேணாம்) நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே டபுள் ஷாக்கரக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க, செகப்பு கலரு வேற, 14,000 ரூபா. பாத்ததுமே வயித்துல என்னமோ பண்ணுச்சு, பொய் சொல்லல. ஓட்டிப் பாக்கறேன்னேன். கடைக்கு முன்னாடி நூறு அடி மிதிச்சதும் ஆசைல பாதி எறங்கிடுச்சு, ஒவ்வொரு மிதிக்கும் சீட்டு கீழ போய் மேல வருது, தூளில உக்காந்துட்டு மிதிக்கற மாதிரி, கால் கொடுக்கற பலத்துல பாதிய அந்த ஸ்பிரிங்கே தின்னுடுது. நல்ல டபுள் ஷாக்குன்னா ஸ்பிரிங்கு மட்டும் இருந்தா பத்தாது, அது திரும்பி எழும்பற வேகத்த அடக்கறதுக்கு உள்ள ஆயில் வேணும், அதெல்லாம் ஒழுங்கா இருக்கற வண்டி லட்சத்துக்குப் பக்கத்துல போயிடும், பதினாலாயிரத்துக்குக் கெடைக்கறது ஷாக்கு மாதிரி இருக்கற ஒரு சுருள் கம்பி அவ்ளோ தான். தூக்கிப் பாத்தேன், எங்கப்பாவோட பழைய வண்டியே தேவலாம்னு இருந்துச்சு கனம். கடைக்காரர் "பசங்க எல்லாம் இது தான் சார் கேக்கறாங்க"ன்னாரு. எனக்கு 43 வயசுங்க.

அடுத்த வாரம் ஓசூர்ல ஒரு வேலையாப் போனப்ப அங்க ஒரு ஷோரூம்ல 29 இஞ்ச் வீல், டியோர் கியர் செட்டு, ஹைட்ராலிக் பிரேக், 58,000. அத ஓட்டிப் பாத்தது தப்பு. பிரேக்க ஒரு வெரல்ல தொட்டா நிக்குது, கியர் மாத்தறது சத்தமே இல்ல. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஷிமானோன்னு கியர் செய்யற கம்பெனி, அதோட வரிசைல அடில டூர்னி, அப்புறம் ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, அதுக்கு மேல டியோர், அதுக்கு மேல போறதெல்லாம் நமக்கு வேடிக்கை பாக்கறதுக்கு. பஸ்ல திரும்பி வர்ற வழி பூரா தவணைக் கணக்கு போட்டுட்டே வந்தேன், கிருஷ்ணகிரி தாண்டறப்ப முடியும்னு இருந்துச்சு, காரிமங்கலம் வர்றப்ப பாப்பாவோட செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வந்துடுச்சு.

கடைசியா வாங்குனது நடுவுல ஒண்ணு. முன்னாடி மட்டும் ஷாக்கு, பின்னாடி கெட்டி, ஹார்டுடெயில்னு சொல்வாங்க. 27.5 வீல், கேபிள் டிஸ்க் பிரேக், முன்னாடி மூணு பின்னாடி எட்டுன்னு 24 கியர், பின்னாடி ஆல்டஸ், 23,500 ரூபா. பொங்கல் கழிச்சு வாங்குனேன், அதே வருஷம் 2025 செப்டம்பர்ல சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆக்கிட்டாங்க, கணக்குப் போட்டா எனக்கு ஆயிரத்தி நானூறுக்கு மேல நட்டம், அந்த வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு. பிராண்டு பேரு சொல்லல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், குறை பாதி வண்டியோடது, பாதி அதப் பூட்டுனவங்களோடது.

பூட்டுன கதை இது தான். இடது பக்க பெடலுக்கு மறை எதிர்த்திசைல இருக்கும்ங்கறது சைக்கிள் தொட்ட எல்லாருக்கும் தெரியும், எனக்கு டெலிவரி குடுத்த பையனுக்குத் தெரியல, வலுக்கட்டாயமா முறுக்கி ஏத்தி வச்சிருக்கான். பதினோராவது நாள் கலெக்டர் ஆபீஸ் எதுக்க சிக்னல்ல கால ஊனி கெளம்பறப்ப பெடல் கழண்டு கையோட வந்துடுச்சு. கிராங்க்ல, அதான் பெடல் மாட்டற கம்பில, மறை பூரா வழிச்சு எடுத்திருந்துச்சு, கிராங்க்க மாத்திக் குடுத்தாங்க, ஆனா அதுக்கு ஒரு வாரம் அலைய விட்டாங்க. வீட்ல கேட்டா, "மறை கழண்டது சைக்கிளுக்கா, உங்களுக்கா?" அதனால புது வண்டி எடுக்கறவங்க கடைலயே ரெண்டு பெடலையும் கையால ரெண்டு சுத்து கழட்டிப் பாத்துடுங்க, லேசா வந்தா சரி, கர்ருன்னா விடாதீங்க.

இப்ப ரோட்டுக்கு வருவோம். வண்டி வெறும் எலும்புக்கூடா தான் வரும். மட்காடு இல்ல, ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, பெல்லு கூட இல்ல. அது ஏன்னு பின்னாடி தான் புரிஞ்சுச்சு, இந்த வண்டி பொறந்ததே வேற விஷயத்துக்கு, அமெரிக்கால கலிஃபோர்னியா மலைல 1970கள்ல சில பேரு பழைய தடி டயர் சைக்கிளத் தூக்கிட்டுப் போய் மேல இருந்து உருட்டி விட்டு ரேஸ் விட்டிருக்காங்க, எறங்கற வேகத்துல பின்சக்கர பிரேக்கு சூடாகி ஹப்புல இருக்கற கிரீஸ் எரிஞ்சு பொகையாப் போயிடுமாம், ஒவ்வொரு தடவையும் கிரீஸ் அடைச்சுட்டு தான் மறுபடி எறங்கணும், அதனால 1976ல நடந்த அந்த ரேஸுக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைக்கறதுன்னு தான் பேரு. அவங்களுக்கு எதுக்கு கேரியர். நான் அரை லிட்டர் பால் வாங்கிட்டு கீரைக்கட்டு மாட்டிட்டு வர்றவன்.

ஒவ்வொண்ணா மாட்டுனேன். ஸ்டாண்டு, மட்காடு, பெல்லு, லைட்டு எல்லாம் சேத்து 1,800 ரூபா. கேரியர் தான் தலைவலி, பின்னாடி டிஸ்க் பிரேக்கு காலிப்பர் இடிக்குது, ஃபிரேம்ல கேரியருக்கு ஓட்டையும் கெடையாது, கடைசில சீட்டுக் கம்பியக் கவ்விப் புடிக்கற கேரியர் போட்டேன், அதுல ஒம்போது கிலோவுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கு. நீங்க அரிசி மூட்டை எடுத்துட்டு வர்ற ஆளுன்னா இங்கயே இந்த ரிவ்யூவ மூடிட்டு வேற வண்டி பாருங்க.

டயரு. வாங்கறப்ப மொட்டு மொட்டா இருக்கறது தான் அழகு, தார் ரோட்ல அது நொய்ங்ங்ங்னு ஒரு சத்தம் போடும், தேனீக்கூட்டத்த மடில வச்சுட்டுப் போற மாதிரி, அந்தச் சத்தம் பூரா நம்ம கால் பலம் தான், வீணாப் போகுது. நாலு மாசம் பொறுத்துட்டு பின் டயர மட்டும் வழவழ டயரா மாத்திட்டேன், முன்னாடி மொட்டு டயரையே விட்டுட்டேன், ஏன்னா மண்ணுல முன் சக்கரம் வழுக்குனா தான் மூஞ்சி பேரும், பின் சக்கரம் வழுக்குனா சமாளிச்சுக்கலாம். காத்து தார் ரோட்டுக்கு 50, மண் பாதைன்னா 30. வால்வு மோட்டார் பைக் வால்வு தான், அதனால எந்த டூவீலர் பஞ்சர் கடைலயும் காத்து புடிச்சுக்கலாம், ஒரே ஒரு எச்சரிக்கை, கம்ப்ரசர் பைப்ப அவங்க கைல குடுத்துட்டு வேடிக்கை பாக்காதீங்க, எனக்கு ஒரு தடவ டப்புன்னு வெடிச்சு டீக்கடைல இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. 27.5 டியூபு எங்க ஊர்ப் பக்கம் கெடைக்காது, அவசரத்துக்கு 26 டியூப இழுத்துப் போட்டா ஓடும், இப்பவும் ஓடிட்டுத் தான் இருக்கு.

டிஸ்க் பிரேக்கப் பத்தி ஒரு சோகம். நல்ல மனசுள்ள ஒரு மெக்கானிக், சர்வீஸ் முடிஞ்சு "எல்லாத்துக்கும் ஆயில் போட்டுட்டேன்ணா"ன்னாரு. எல்லாத்துக்கும்னா டிஸ்க் தட்டுக்கும் சேத்து. ஏரிக்கரைச் சரிவுல பிரேக்கப் புடிச்சா வண்டி கீச்சுன்னு கத்துதே தவிர நிக்கல, ரெண்டு காலையும் தேச்சு ஒரு வேப்பமரத்துல சாஞ்சு நின்னேன். மெடிக்கல்ல ஸ்பிரிட்டு வாங்கித் தொடச்சு, பிரேக் கட்டைய உப்புத்தாள்ல தேச்சுப் பாத்தும் ஒரு மாதிரி தான் இருந்துச்சு, கட்டை மாத்துன பின்னாடி தான் சரியாச்சு. அவர் மேல கோவமில்ல, ஆனா தட்டுல ஆயில் படக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டு வண்டிய விடுங்க.

முன் ஷாக்கு? நான் ஆசைப்பட்டதே அதுக்குத் தான, தார் ரோட்ல அத லாக் பண்ணித் தான் வச்சிருக்கேன், இல்லன்னா நின்னு மிதிக்கறப்ப தலையாட்டி பொம்மை மாதிரி முன்னாடி அமுங்குது. பத்து மாசத்துல தொறந்து ஓட்டுனது எண்ணி இருபது நாள் இருக்கும். அதுல பாதி நாள் தேய்பிறை அஷ்டமி. அன்னிக்கு எங்க ஊரு காலபைரவர் கோயிலுக்கு எங்கெங்க இருந்தோ வண்டி வரும், சாம்பல் பூசணில வெளக்கு போடறதுக்கு ரோட்டோரம் பூரா பூசணியக் குவிச்சு வச்சிருப்பாங்க, மெயின் ரோட்டுக்கு வரவே முடியாது. அப்ப மாந்தோப்பு வழியா ஏரிக்கரை புடிச்சு மண் பாதைல போவேன். கல்லு, வேரு, ஆட்டுக்கெடை, மழை பேஞ்சா சேறு. பாப்பா சைக்கிள்ல அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல. இதுல போறப்ப முழங்கை வலிக்கல, வேரு மேல ஏறுனா லேசா ஒரு மூச்சு விட்ட மாதிரி எறங்குது, காலங்காத்தால தோப்புல மயிலு ரெண்டு மூணு ஓடும், ரோட்ல போற பஸ் ஆரன் கேக்காது. நெருஞ்சி முள்ளுக்கு ஆறு பஞ்சர் ஆகியிருக்கு, அதையும் எழுதிடறேன்.

வாங்கறப்ப நான் சரியாக் கூடப் பாக்காத ஒரு விஷயம் தான் இப்ப நெசமா உதவறது. கியரு. முன்னாடி சின்னப் பல்லு 24, பின்னாடி பெருசு 34, இத ரெண்டையும் சேத்தா ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர் தான் போகும், நடக்கற வேகம் தான், ஆனா எறங்க வேண்டாம். வத்தல்மலைக்கு ஜூலைல ஒரு ஞாயித்துக்கெழம போனேன், 24 கொண்டை ஊசி வளைவு. அஞ்சாவது வளைவுல மூக்கு நுனில இருந்து வேர்வை ஹேண்டில்பார் மேல சொட்டு சொட்டா விழுந்துச்சு, எட்டாவதுல ஒரு எக்ஸல் பின்னாடி ரெண்டு மூட்டையோட என்னத் தாண்டிப் போச்சு, ஓட்டுனவரு திரும்பிப் பாத்து "தள்ளி விடட்டுங்களா?"ன்னாரு, கிண்டல் இல்ல, நெசமாவே கேட்டாரு. மூணு எடத்துல எறங்கி நின்னேன், ஒரு எடத்துல தள்ளுனேன். மேல போய் டீ குடிச்சப்ப கை நடுங்குச்சு, டம்ளர ரெண்டு கைல புடிச்சுட்டேன். எறங்கறப்ப பிரேக்க அழுத்திப் புடிச்சுட்டே வராதீங்க, விட்டு விட்டுப் புடிங்க, பாதி வழில தட்டுல கருகல் நாத்தம் வந்துச்சு, அப்ப தான் அந்த கலிஃபோர்னியாக்காரங்க பாடு புரிஞ்சுச்சு.

ஆக யாரு வாங்கலாம்னு கேட்டா, தார் ரோடு மட்டும் தான்னா ஹைப்ரிட், அதான் ரோட்டுக்கு ஏத்த மெல்லிசு டயர் கியர் வண்டி, அத வாங்குங்க, இல்ல வீட்ல இருக்கற சைக்கிள ஓவராயில் பண்ணுங்க, காசு மிச்சம். வாரத்துல ஒரு நாளாவது மண்ணுல எறங்குவேன், மேடு ஏறணும்னா ஹார்டுடெயில், அதுல ஷாக்கப் பாக்காம பின் பல்லு எத்தன, ஃபிரேம் சைஸ் உங்களுக்குச் சேருதான்னு பாருங்க. பதினாலாயிரத்து டபுள் ஷாக்கர் யாருக்கும் வேண்டாம், ஒம்பதாவது படிக்கற பையனுக்கு மட்டும் என்னால வேண்டாம்னு சொல்ல முடியாது. எனக்கு மட்காடு கேரியர் டயரு எல்லாம் சேத்து 27,000 கிட்ட வந்துடுச்சு, டாக்டர் சொன்ன வேலைக்கு 900 ரூபாயே போதும்னு தெரிஞ்சே தான் எழுதறேன், ஆனா அந்த 900 ரூபா வண்டிய மழை தூறுனா நான் எடுக்க மாட்டேன், இத மழை தூறுனா தான் எடுக்கறேன்.

பாப்பா போன மாசம் லீவுக்கு வந்தப்ப அவ சைக்கிள விட்டுட்டு இத எடுத்துட்டு ஏரிக்கரைக்குப் போயிட்டா, மத்தியானம் சாப்பாட்டுக்குத் தான் திரும்பி வந்தா. அவ எறக்கி வச்ச சீட்டு உயரம் எனக்கு இன்னும் சரியா வரல, நான் பென்சில்ல போட்டு வச்சிருந்த கோடு தேஞ்சு போச்சு. விதைக்கடைப் பக்கம் வந்தீங்கன்னா வண்டி வாசல்ல தான் நிக்கும், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, சீட்ட மட்டும் தொடாதீங்க.