கொஸ்தியாயினென் பாடல்தாள்கள்: எதை முதலில் எடுப்பது?

பின்லாந்து இசையமைப்பாளர் பெக்கா கொஸ்தியாயினெனின் இரண்டு பாடல்களில் எதை நம் பாடற்குழு முதலில் எடுக்கலாம் என்பதே கேள்வி. அவர் 1983இல் எழுதிய ‘பக்கசென் லுகு’ (உறைபனி மந்திரம்) வாத்தியமே இல்லாத குழுப்பாடல். தாராளமாக எடுக்கலாம். ஒரே நிபந்தனை: முதல் இரண்டு ஒத்திகைகளில் சுரம் வேண்டாம், சொல் மட்டும் போதும். யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் 1977இல் ‘மூசிகா’ பாடற்குழுவைத் தொடங்கி நடத்தியவர் இவர். சொல்லின் நடையைத்தான் தாளமாக்குகிறார். உச்சரிப்பு பிசகினால் தாளமும் போச்சு.

பனியை விரட்டும் நாட்டார் மந்திரங்களில் வரும் புகழ்பெற்ற அடி இது: ‘பக்கனென் புஹுரின் பொய்க’. பனியே, வாடைக்காற்றின் மகனே என்று அழைப்பது. நம் கண்ணுக்கு உடனே தெரிவது ப வருக்க மோனை. அசை எட்டு: பக்-க-னென், பு-ஹு-ரின், பொய்-க. யாப்பின் தட்டு 1, 3, 5, 7ஆம் அசைகளில் விழும். பின்லாந்தின் பின்னிய (Finnish) மொழியில் சொல்லழுத்தமோ எப்போதும் முதலசையில். ஆக, ‘பு’ நான்காம் இடத்தில், தட்டு இல்லாத இடத்தில் நிற்கிறது. பிழையல்ல, யாப்பே அப்படித்தான்: அழுத்தம் பெறும் குறிலசை தட்டில்லா இடத்துக்குப் போக வேண்டும். கைதட்டிப் பழகும் குழு இதை ‘பு-ஹூ-ரின்’ என்று இழுத்துவிடும். அதனால் கைதட்டாமல், பேச்சு வேகத்தில் நாலைந்து முறை சொல்லிப் பழகிய பிறகே தாளத்துக்குள் போகவும்.

குறில் நெடில் விஷயத்தில் தமிழ் நாக்குக்குச் சிரமமே இல்லை. பின்னிய மொழியில் ‘துலி’ நெருப்பு, ‘தூலி’ காற்று, ‘துல்லி’ சுங்கம். நாம் வழுக்குவது வேறிடத்தில். சொல் நடுவே ஒற்றை ககரம் வந்தால் நமக்குத் தானாகவே மென்மையாகிவிடும். ‘பொய்க’ என்பதைப் ‘பொய்கை’யில் வருவது போலச் சொல்லிவிடுவோம். பின்னிய மொழியில் அது ‘கல்’லின் ககரம், ஆனால் இரட்டிக்கக் கூடாது. தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுக்கும் தாளில் அந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிடுவது நல்லது. இன்னொரு ஒலி, உகர உதட்டோடு சொல்லும் இகரம். கண்ணாடி முன் பழகினால்தான் வரும்.

இரண்டாவது பாடலான ‘யாக்கோபின் பொயத்’ (யாக்கோபின் மகன்கள், 1976) நாட்டார் பாட்டல்ல. யாக்கோபின் பன்னிரண்டு மகன்களின் பெயர்களே மொத்தச் சாகித்யமும். ‘ரூபென், சிமெயொன், லேவி’ என்று போகும் அந்தப் பட்டியலில் மேற்சொன்ன உதட்டு ஒலி ஓரிடத்திலும் இல்லை. யகரத்தை ஆங்கிலப் பழக்கத்தில் ஜகரமாக்காமல் இருந்தால் போதும்: ‘யூதா’தான், ‘ஜூடா’ அல்ல. இரண்டில் எனக்கு உயர்ந்தது பனி மந்திரமே. ஆனாலும் பின்னிய மொழியைத் தொட்டிராத குழு பன்னிரண்டு பெயர்களில் தொடங்கட்டும்.