சுக்கானைக் காற்றிடம் ஒப்படைப்பது: சர்வோ-பெண்டுலமா, துணைச் சுக்கானா?

ஒருவரோ இருவரோ மட்டும் போகும் பாய்மரப் படகில் இரவு பகலாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. அந்த வேலையை ஒப்படைக்க மூன்று வழிகள் இருக்கின்றன: மின்சார ஆட்டோபைலட், சர்வோ-பெண்டுலம் விண்ட்வேன், துணைச் சுக்கான் விண்ட்வேன். விண்ட்வேன் என்பது காற்றின் கோணத்தைப் பார்த்துத் தானாகப் படகைத் திருப்பும், மின்சாரம் வேண்டாத கருவி. டில்லர் (சுக்கானைத் திருப்பும் நீளமான கைப்பிடி) வைத்த என் படகுக்கு நான் இரண்டாவதைப் பொருத்தினேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

மின்சாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பொத்தானை அழுத்தினால் திசைகாட்டிக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும். காற்றே இல்லாமல் எஞ்சினில் போகும்போதும் வேலை செய்யும். ஆனால் பேட்டரியைக் குடிக்கும், அலை பெருத்துவிட்டால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். டில்லரில் மாட்டும் சின்ன வகைக்குள் உப்புத்தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது. கரையோரம் ஓடுபவர்களுக்கு இது தாராளமாகப் போதும். பெருங்கடலைத் தாண்ட இதை மட்டும் நம்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, விண்ட்வேனுக்கு வருவோம். 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில், வென்ற ஃப்ரான்சிஸ் சிசெஸ்டரும் இரண்டாவதாக வந்த பிளாண்டி ஹாஸ்லரும் சுக்கானைக் காற்றிடம் விட்டுத்தான் போனார்கள். அப்புறம் ஹாஸ்லர் உருவாக்கியதுதான் சர்வோ-பெண்டுலம். இன்று விற்கும் ஏரீஸ், மானிட்டர் எல்லாம் அதன் வழி வந்தவை.

அது வேலை செய்யும் விதம் அழகானது. படகின் பின்புறம் ஒரு மெல்லிய ப்ளைவுட் தகடு, விளிம்பு காற்றைப் பார்த்தபடி நிற்கும். படகு வழி விலகினால் காற்று தகட்டின் முகத்தில் பட்டு அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு ஒரு தண்டு வழியாக இறங்கி, தண்ணீரில் தொங்கும் துடுப்பைச் சற்றே திருப்பும். திரும்பிய துடுப்பை, ஓடும் தண்ணீர் ஒரு பக்கமாக வீசித் தள்ளும். அந்த வீச்சு இரண்டு கயிறுகள் வழியே டில்லரை இழுக்கும். காற்று கட்டளை மட்டும்தான் கொடுக்கிறது, வேலையைச் செய்வது தண்ணீர். வேகம் இரட்டித்தால் துடுப்பின் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். படகு வேகமெடுக்க எடுக்கச் சுக்கானின் சுமை கூடும், கருவியின் பலமும் கூடவே ஏறும்.

துணைச் சுக்கான் வகையில், பேர்பெற்றது ஹைட்ரோவேன், கயிறே கிடையாது. கருவிக்கென்று தனியாக ஒரு சுக்கான் இருக்கும். படகின் சொந்தச் சுக்கானைச் சரியான கோணத்தில் கட்டிவிட்டால், மிச்சத் திருத்தங்களை அந்தச் சின்னச் சுக்கான் பார்த்துக்கொள்ளும். மின்சார ஆட்டோபைலட்டுக்கு அனுமதியே இல்லாத 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் ஜான்-லூக் வான் டென் ஹீட் இதை வைத்துத்தான் 73 வயதில் உலகைச் சுற்றி வந்து ஜெயித்தார். ஆகவே இது இளைத்த கருவி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிறகு ஏன் நான் அதை எடுக்கவில்லை? என் கணக்கு ஒரே கேள்வியில் நின்றது: கரைக்கு வெகுதூரத்தில் உடைந்தால், படகில் இருப்பதை வைத்து நானே சரிசெய்ய முடியுமா?

சர்வோ-பெண்டுலத்தில் அடிக்கடி தேய்வது கயிறு. கப்பிகளில் உரசும் இடத்தில் நார் எழும்ப ஆரம்பித்தால், கயிற்றைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டி உரசும் இடத்தை மாற்றலாம், இல்லையென்றால் புதுக்கயிறு போடலாம். தகடு ஒடிந்தால் எந்த ப்ளைவுட் துண்டையும் அறுத்து மாட்டலாம். மிதக்கும் மரக்கட்டையில் துடுப்பு மோதினால் முதலில் முறிய வேண்டும் என்றே ஒரு பலவீனமான குழாயை வைத்திருக்கிறார்கள். அது முறியும், துடுப்பு பாதுகாப்புக் கயிற்றில் தொங்கும், நீங்கள் உபரிக் குழாயை மாட்டுவீர்கள். பேரிங்குகளுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் போதும். கிரீஸ் பூசக் கூடாத வகைகளில் ஆசையாய்ப் பூசினால் அழுக்கு சேர்ந்து இறுகிவிடும், கையேட்டைப் பாருங்கள். அலுமினிய உடல் என்றால் ஸ்டீல் போல்ட்டுகளுக்கு அரிப்பைத் தடுக்கும் பசை தடவாமல் முடுக்காதீர்கள், பிறகு கழற்றவே வராது.

துணைச் சுக்கானில் தேயும் பாகம் இதைவிடக் குறைவு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சும்மா இருக்கும் நாட்களில் பராமரிப்பு அங்கேதான் லேசு. ஆனால் சுக்கானின் பக்கவாட்டுச் சுமை முழுவதும் பின்பலகையில் உள்ள தாங்கிகளில் இறங்குகிறது. அந்தப் பலகையை உள்ளே கெட்டிப்படுத்தாமல் போல்ட் போட முடியாது. பருமனான அந்தத் தண்டு வளைந்துவிட்டால் கடலில் நிமிர்த்த வழியில்லை. உடைவது அபூர்வம், உடைந்தால் பெரிது. அடிக்கடி சின்னதாக உடைந்து, கையாலேயே சரியாகும் பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. இது குணத்தைப் பொறுத்த விஷயம்.

பொருத்தும்போது சர்வோ-பெண்டுலம் கேட்பது ஒன்றுதான்: கயிற்றுப் பாதையில் தொய்வும் உரசலும் கூடாது. கப்பிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நீளாத கயிறாகப் பாருங்கள். துடுப்பின் வீச்சு ஏற்கெனவே குறுகியது, அதில் இரண்டு விரற்கடை தொய்வுக்குப் போனால் டில்லருக்கு என்ன மிஞ்சும்? டில்லரில் ஒரு சின்னச் சங்கிலித் துண்டை மாட்டினால் கண்ணி கண்ணியாகத் தள்ளி நடுநிலையைச் சரிசெய்யலாம். ஆபத்தில் ஒரே இழுப்பில் கழற்றவும் செய்யலாம்.

ஓட்டும்போது முதலில் பாய்களைச் சமன்படுத்துங்கள். டில்லரைக் கையில் பிடித்து, இரண்டு விரலால் நிற்கிறதா என்று பாருங்கள். படகு காற்றை நோக்கி முரண்டு பிடித்தால் பெரிய பாயைச் சுருக்குங்கள் அல்லது தளர்த்துங்கள். கருவி சரியில்லை என்ற புலம்பல்களில் பாதிக்கு மேல் பாய் பிரச்சினை என்பது என் அபிப்பிராயம். சமன் ஆனதும் தகட்டின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பி, சங்கிலியை மாட்டி, சில நிமிடம் கை வைக்காமல் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

பின்காற்று மெலிந்தால் இரண்டு வகையும் திணறும். படகும் காற்றும் ஒரே பக்கம் ஓடும்போது தகட்டில் படும் காற்று கொஞ்சம்தான். பெரிய, லேசான தகடு உதவும். இன்னொன்று: இவை பிடிப்பது காற்றுக் கோணத்தை, திசையை அல்ல. காற்று திரும்பினால் படகும் சத்தமில்லாமல் திரும்பும். கரை பக்கத்தில் இருக்கும்போது திசை அலாரம் இல்லாமல் தூங்காதீர்கள்.

துணைச் சுக்கானோடு எனக்கு இருக்கும் பழக்கம் நண்பர் படகில், மிதமான காற்றில் மட்டும். கடும் கடலில் அது எப்படி என்று சொல்ல நான் ஆள் இல்லை. டில்லருக்குப் பதில் சக்கரம் வைத்த படகில் சர்வோ-பெண்டுலத்தை நான் ஓட்டியதும் இல்லை. சக்கரத்தில் உருளை மாட்டிக் கயிற்றைச் சுற்றுகிறார்கள். காக்பிட்டுக்கு (உட்கார்ந்து ஓட்டும் பள்ளம்) குறுக்கே கயிறு ஓடுவது நிச்சயம் தொந்தரவு. எண்ணெய் அழுத்தத்தில் திரும்பும் ஹைட்ராலிக் சுக்கான் என்றால் பேச்சே இல்லை, துணைச் சுக்கான்தான். பின்புறத்தின் நடுவில் ஏணி இருக்கிறது, கருவியை ஓரமாகத்தான் வைக்க முடியும் என்ற நிலையிலும் துணைச் சுக்கானையே வாங்குங்கள். படகின் சொந்தச் சுக்கான் உடைந்தாலும் அதைக் கொண்டு வீடு திரும்பலாம். என் கருவியால் அது நடக்காது, அவசரச் சுக்கான் தகட்டைத் தனியாக வாங்கி மாட்டினால் ஒழிய.