125 ட்ரைபெப்டைடு, மூன்று வழி: தனித்தனிக் கலமா, பிரித்துக் கலப்பதா, வலைப் பையா?

திடநிலைத் தொகுப்பில், அதாவது ரெசின் என்ற சிறு பிளாஸ்டிக் மணிகளின் மேல் மூலக்கூறுகளைப் படிப்படியாக வளர்த்து, சேர்ம நூலகம் (சோதிப்பதற்கான பல சேர்மங்களின் தொகுதி) கட்டப் போகிறவர்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சோதனையில் ஏதோ ஒன்று வேலை செய்தால், அது எது என்று மறுநாளே சொல்ல முடியுமா, மீண்டும் சோதிக்கக் கையில் சரக்கு இருக்குமா? முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதை வைத்துத்தான்.

ஒரே கணக்கை மூன்று முறைகளிலும் போட்டுப் பார்ப்போம். மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் 5 அமினோ அமிலங்கள், மொத்தம் 125 ட்ரைபெப்டைடுகள் (மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள்). வேதியியல் எஃப்மாக்: ஏறும் அமினோ அமிலத்தின் நுனியை எஃப்மாக் என்ற மூடி காக்கும், அடுத்ததை ஏற்றும் முன் அதை நீக்க வேண்டும்.

தனித்தனிக் கலம்

125 கலம், கலத்துக்கு 3 கப்ளிங் (அமினோ அமிலம் ஏற்றும் வினை), ஆக 375 கப்ளிங். எது எங்கே இருக்கிறது என்ற குழப்பமே வராது. ஒவ்வொரு கலத்துக்கும் வெப்பநிலையோ நேரமோ மாற வேண்டியிருந்தால் வேறு வழியும் இல்லை.

சிக்கல் பெரும்பாலும் வடிகட்டியில்தான். 96 குழி வடிகட்டித் தட்டில் வெற்றிடம் போட்டால், முதலில் வடிந்த குழி வழியாகக் காற்று புகுந்துவிடும். மற்றவற்றில் கரைப்பான் அப்படியே தேங்கும். மேலிருந்து நைட்ரஜன் அழுத்தம் கொடுப்பது நல்லது. காந்தக் கலக்கி வேண்டவே வேண்டாம். அது ரெசினை அரைத்துத் தூளாக்கும், தூள் வடிகட்டியை அடைக்கும். குலுக்கி போதும். 1% குறுக்கிணைப்புள்ள பாலிஸ்டைரின் டைகுளோரோமீத்தேனில் பல மடங்கு உப்பும் என்பதால் குழியில் ரெசினைக் குறைவாகவே போட வேண்டும்.

பிரித்துக் கலப்பது

ஹங்கேரிய வேதியியலாளர் ஆர்பாட் ஃபுர்கா 1982-ல் எழுதி ஆவணப்படுத்திய முறை இது. ரெசினை 5 பங்காக்கி, பங்குக்கு ஒரு அமினோ அமிலம் ஏற்றி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, எஃப்மாக்கை நீக்கி, மறுபடி 5 பங்கு. 15 கப்ளிங்கில் 125-ம் முடிந்துவிடும். ரெசின் மணி ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கலத்துக்குத்தான் போகிறது. ஆகவே ஒரு மணியில் ஒரே சேர்மம்தான் இருக்கும். 20 அமினோ அமிலங்களை வைத்து 5 சுற்று போனால் 100 கப்ளிங்கில் 32 லட்சம் பெப்டைடுகள். இந்தப் பெருக்கத்துக்கு இங்குள்ள மற்ற இரண்டு முறைகளும் கிட்டே வராது.

ஆனால் 90 மைக்ரான் டென்டாஜெல் (ஒருவகை ரெசின்) மணி ஒன்றில் கிடைப்பது சுமார் 100 பிக்கோமோல். ட்ரைபெப்டைடு என்றால் ஏறக்குறைய 35 நானோகிராம். அதற்குள்தான் அடையாளம் காண வேண்டும். நுனியிலிருந்து ஒவ்வொரு அமினோ அமிலமாக வெட்டி அறியும் எட்மன் முறையில் வரிசை படிக்கலாம். அல்லது ஒவ்வொரு சுற்றிலும் சிறு பங்கை மேலும் வளராதபடி அசிட்டைல் போட்டு மூடி, நிறை நிறமாலையில் ஏணிபோலப் படிக்கலாம். ஏணி முறை என்றால் லூசின், ஐசோலூசின் இரண்டையும் நூலகத்தில் சேர்க்கக் கூடாது. நிறை ஒன்றே, பிரித்தறிய முடியாது.

மணிகளின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். சேர்மங்கள் எத்தனையோ அத்தனை மணிகள் மட்டும் எடுத்தால் சராசரியாக 37% சேர்மங்கள் நூலகத்தில் இருக்கவே இருக்காது. மூன்று மடங்கு எடுத்தாலும் 5% விடுபடும். மணியிலேயே நடத்தும் சோதனையில் பொய்யான நேர்விடைகளும் ஏராளம்: மணி தானாக ஒளிர்வது, சாயம் ஒட்டுவது, மேற்பரப்பில் பெப்டைடு நெருக்கமாக இருப்பதால் பலவீனமான பிணைப்பும் வலுவாகத் தெரிவது. கிடைத்ததைத் தனியே தொகுத்து, கரைசலில் சோதிக்காமல் எதையும் நம்பக் கூடாது.

வலைப் பை

சில நூறு சேர்மங்கள் என்றால் என் தேர்வு இதுதான். அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் ஹௌட்டன் 1985-ல் வெளியிட்ட 'டீ பேக்' முறை. அதில் 13 அமினோ அமிலம் கொண்ட 248 பெப்டைடுகள், ஒவ்வொன்றும் 10–20 மில்லிகிராம், நான்கு வாரத்துக்குள் தொகுக்கப்பட்டன. இன்று பலர் இதைப் பழைய சங்கதி என்று ஒதுக்குவது பெரிய இழப்பு.

பாலிப்ரொப்பிலீன் வலையில் பைக்கு 100 மில்லிகிராம் ரிங்க் அமைடு வகை ரெசின், ஏற்றும் இடம் கிராமுக்கு 0.6 மில்லிமோல். 125 பைகள். ஒவ்வொரு சுற்றிலும் பையில் எழுதிய எண்ணைப் பார்த்து 5 பாட்டில்களில் 25 பைகளாகப் பிரித்தால் போதும். கப்ளிங் 15 மட்டுமே. எஃப்மாக் நீக்கமும் கழுவலும் எல்லாப் பைகளுக்கும் ஒரே பாத்திரத்தில். முடிவில் பைக்குக் கோட்பாட்டளவில் சுமார் 20 மில்லிகிராம், அடையாளம் பையின் மேலேயே.

ஒரு பாட்டிலின் கணக்கு: 25 பை, 1.5 மில்லிமோல். அமினோ அமிலம் 5 சமானம் (5 மடங்கு மோல்) என்றால் 7.5 மில்லிமோல்; எஃப்மாக் லூசின் 2.65 கிராம். பைகள் மூழ்க 75 மி.லி. டி.எம்.எஃப். கரைப்பான் வேண்டும், ஆக செறிவு 0.1 மோலார்தான். நீர்த்த கரைசல் என்பதால் கப்ளிங்கைத் தூண்டும் டி.ஐ.சி., ஆக்ஸிமா போட்டு 2 மணி நேரம் விடவும். ஒவ்வொரு பாட்டிலிலும் சோதனைப் பை ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அதை வெட்டிச் சில மணிகளை எடுத்து நின்ஹைட்ரின் சோதனை செய்யலாம். நீலம் வந்தால் கப்ளிங் முடியவில்லை. நுனியில் புரோலின் இருந்தால் நீலம் வராது, குளோரானில் சோதனைக்குப் போகவும்.

தவறுவது பெரும்பாலும் கழுவலில். எஃப்மாக்கை நீக்கப் பயன்படும் 20% பைப்பெரிடின் பையின் மடிப்புகளில் தங்கிவிடும். அது அடுத்த கப்ளிங்கின்போதே புதிதாக ஏறியதன் எஃப்மாக்கை நீக்கிவிட, அதே அமினோ அமிலம் இரண்டாவது முறையும் ஏறும். நிறை நிறமாலையில் லூசினுக்கு 113 டால்டன் கூடுதலாகத் தெரிந்தால் காரணம் இதுதான். டி.எம்.எஃப்.பில் 3 நிமிடமாக 6 தடவை, ஒவ்வொரு தடவையும் பைகளை அழுத்திப் பிழிந்து கழுவவும். பைக்குள் காற்றுக் குமிழி நின்றால் ரெசின் நனையாது, பை மிதக்கும். மார்க்கர் மை டி.எம்.எஃப்.பில் கரையும், எண்ணை ஓரத்தில் எழுதி, அதன் மேலேயே சூட்டில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் சிந்திய மணிகள் மற்ற பைகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றையும் கெடுக்கும். பெப்டைடை ரெசினிலிருந்து விடுவிக்கும் டி.எஃப்.ஏ. அமில வெட்டலுக்கு மட்டும் ஒவ்வொரு பையும் தனிக் குழாயில்தான்.

ஐந்நூறு பைகளைத் தாண்டினால் கையால் பிரிப்பதில் தவறு நுழையும். அந்த அளவுக்கு ரேடியோ சில்லு வைத்த குப்பிகள் உண்டு. பிரிக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும்.