ஈரக் காற்று, தே தாரேக், தமிழ்99: கோலாலம்பூரில் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டை வைத்துக் காலம் தள்ளுவது

எண் பகுதி இல்லாத 75 விழுக்காடு அளவுக் கீபோர்டு. சுவிட்சுகளை ஈயம் உருக்காமல் பிடுங்கி மாட்டலாம். உள்ளே ஓடுவது க்யூஎம்கே (QMK) ஃபர்ம்வேர், அதாவது பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல். எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்ற மாற்றங்களை க்ரோம் வகை உலாவியில் வியா (VIA) என்கிற அமைப்புக் கருவியைத் திறந்து செய்துகொள்ளலாம். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய இதே உள்ளமைப்பு பல பெயர்களில் விற்கிறது, கீழே சொல்லும் நல்லதும் கெட்டதும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பகலில் கோடு, மற்ற நேரத்தில் தமிழ் என்று ஒரே பலகையில் இரண்டையும் தட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சுவிட்சைப் பார்த்து வாங்காதீர்கள், ஃபர்ம்வேரைப் பார்த்து வாங்குங்கள். சுவிட்ச் பிடிக்கவில்லை என்றால் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஏறி இறங்கி வேறு வாங்கிக்கொள்ளலாம். ஃபர்ம்வேர் பூட்டிய பலகை கையில் மாட்டினால் அதற்கு மருந்தே இல்லை. விமர்சனக் காணொளிகள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்தில் எடுத்தவை என்பதால் சத்தத்தைப் பற்றியே பேசும். ஓராண்டு கழித்துச் சத்தம் யாருக்கும் காதில் விழுவதில்லை.

அளவு விஷயத்தில் தமிழ்99 விசையமைப்பில் அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1999இல் இந்த அமைப்பு வந்தபோது முழுப் பலகைதான் எல்லார் மேசையிலும் இருந்தது. அதனால் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய ஒற்றை மேற்கோளில், ழ சாய்கோட்டில். 65, 75 விழுக்காடுப் பலகைகளில் இவை எல்லாம் இடத்தில் இருக்கும், கவலை இல்லை. கோர்ன் போன்ற 42 விசைப் பிளவுப் பலகைகளில் சதுர அடைப்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. ச என்கிற எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் அடுக்கு மாற்ற, அதாவது இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு அடிக்க, வேண்டிவரும். ஆங்கிலக் கோடு மட்டும் எழுதுபவர் அதைப் பழகிக்கொள்வார், தமிழ் எழுதுபவர் ஒரு வாரத்தில் பலகையை விற்றுவிடுவார்.

மொழி மாற்றம்தான் தினமும் அதிகம் உறுத்துவது. மேக்கில் கண்ட்ரோல்+ஸ்பேஸ், விண்டோஸில் விண்+ஸ்பேஸ், லினக்ஸில் சூப்பர்+ஸ்பேஸ் என்று மூன்றும் ஒரே குணம்: தட்டினால் மாறும், இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது. டெர்மினலில் ஒரு கட்டளையை அடித்துப் பார்த்தால் தமிழ் எழுத்து வரிசை நிற்கும். விம் எடிட்டர் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் மோசம். எழுத்து விசைகளே கட்டளைகளாக இருக்கும் நார்மல் மோடில் தமிழ் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு கட்டளையும் ஓடாது. விஎஸ் கோடின் விம் நீட்டிப்பில், உரை எழுதும் இன்சர்ட் மோடிலிருந்து வெளியே வரும்போது உள்ளீட்டு மொழியைத் தானாகத் திருப்பும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி, பின்னணியில் ஐஎம்-செலக்ட் நிரலை நிறுவிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதிக்கு ஒரே மாற்று விசையை விட்டுவிட்டு இரண்டு விசைகள் வைப்பதுதான் வழி. ஒன்று எப்போதும் ஆங்கிலம், மற்றது எப்போதும் தமிழ். எந்த நிலையில் இருந்தாலும் அழுத்தினால் அந்த மொழிதான். ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்க ஆல்ட்டில் ஆங்கிலம், வலப்பக்க ஆல்ட்டில் தமிழ் என்று வைத்தால் கட்டைவிரல் சில நாளில் கற்றுக்கொள்ளும். இட ஆல்ட்டை இழக்க மனமில்லாதவர்கள், அழுத்திப் பிடித்தால் ஆல்ட், தட்டினால் எஃப்18 (பலகையில் வேறு வேலை இல்லாத விசை) என்று வியாவில் வைத்துக்கொள்ளலாம். வலது பக்கம் எஃப்19. பிறகு கணினிப் பக்கம் வேலை. மேக்கில் காராபைனர் நிரலில் எஃப்18-க்கு ஆங்கில உள்ளீட்டையும் எஃப்19-க்குத் தமிழ்99-ஐயும் நேரடியாகத் தேர்வு செய்யச் சொல்லலாம். ஐபஸ் என்கிற உள்ளீட்டு நிரல் உள்ள லினக்ஸில் மொழி இன்ஜினை மாற்றும் கட்டளையைக் குறுக்குவிசையாகப் பதிவு செய்ய வேண்டும். அங்கே எஃப்18-ஐ அழுத்தினால் அமைப்புப் பெட்டியில் "லாஞ்ச்9" என்று ஏதோ ஒரு பெயர் வந்து குழப்பும், அது அதே விசைதான், ஏற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஒவ்வொரு மொழிக்கும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எண் என்று குறுக்குவிசை கொடுக்கும் பழைய பெட்டி மேம்பட்ட கீபோர்டு அமைப்புகளுக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறது. அந்தக் கூட்டையே தனி விசை ஒன்றில் போட்டுவிடலாம்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. தட்டினால் கண்ட்ரோல்+ஸ்பேஸ், பிடித்தால் வேறு அடுக்கு என்று ஒரே விசையில் வைக்கத் தோன்றும். க்யூஎம்கேயின் தட்டு-பிடி விசைக்குள் தனி விசை மட்டுமே அடங்கும், கூட்டு விசை அடங்காது. தொகுக்கும்போது பிழை எதுவும் காட்டாது. தட்டினால் கண்ட்ரோல் உதிர்ந்துபோய் வெறும் ஸ்பேஸ் விழும். எஃப்18 சுற்றுவழி எடுப்பது இதற்காகத்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு எதையும் தனியாக நிறுவும் வேலை இல்லை. தமிழ்99-உம் அஞ்சல் விசையமைப்பும் கூடவே வருகின்றன. அஞ்சலும் இணைமதி எழுத்துருவும் நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கியவை என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த பெருமைதான்.

அடுத்தது நடுவரிசை மாற்றிகள். ஏ, எஸ், டி, எஃப் விசைகளைப் பிடித்தால் ஷிஃப்ட், கண்ட்ரோல் என்று வைக்கும் இந்த ஏற்பாடு நிரலாளர்களிடம் பிரபலம். ஆங்கிலத்தில் நன்றாகவே ஓடுகிறது. தமிழ்99-இல் அதே நான்கு விசைகள்தான் அ, இ, உ, புள்ளி. மெய் பெரும்பாலும் வலக்கையில், உயிர் இடக்கையில் என்பதால் கைகள் மாறி மாறி வேகமாக விழும். முந்தைய விசையை விடுமுன் அடுத்ததை அழுத்துவது இயல்பு. "மிக" என்று அடிக்கும்போது எஸ் விசை முழுதாக எழுமுன் எச் விழுந்து எழுந்துவிட்டால், பர்மிசிவ் ஹோல்ட் (இப்படி நடந்தால் முதல் விசையைப் பிடித்ததாகவே கொள்ளும் அமைப்பு) இயக்கிய பலகை அதைக் கண்ட்ரோல்+எச் என்றோ ஆல்ட்+எச் என்றோ எடுத்துக்கொள்ளலாம். எதிர்க்கை விசையாக இருந்தால் மட்டும் மாற்றியாகக் கொள்ளும் கார்டல் ஹோல்ட் 2025இல் வந்தது. ஆனால் தமிழ்99-இல் இடறுவதே எதிர்க்கையில்தான், அதனால் அது நமக்குக் கைகொடுக்காது. வேகமான ஓட்டத்தின் நடுவில் விழும் விசையை வெறும் தட்டலாகவே கொள்ளும் ஃப்ளோ டேப் ஓரளவு உதவுகிறது. பேசாமல் நடுவரிசையில் மாற்றி வைக்காமல் இருப்பதே நிம்மதி.

இப்போது வன்பொருளுக்கு வருவோம். கோலாலம்பூரில் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஆண்டு முழுக்க 24 பாகை செல்சியஸைச் சுற்றியே இருக்கும். ஆஃபீஸ் ஏர்கான் 21, 22-இல் ஓடும். அலுமினிய உடல் உள்ள பலகையைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்து, மாமாக் உணவுக் கடை மேசையில் உடனே எடுத்து வைத்தால் உலோகத்தில் பனி பூக்கும். கண்ணாடி அணிபவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவே வேண்டாம். பைக்குள்ளேயே கால் மணி நேரம், அரை மணி நேரம் விட்டுவிட்டு வெளியே எடுத்தால் சிக்கல் இல்லை. தினம் பனி பூத்துக் காய்ந்தால் முதலில் கெடுவது ஸ்பேஸ் பாருக்கு அடியில் அதைச் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி. பழுப்பாகத் துரு ஏறி, ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் கரகரக்கும். கம்பியின் இரு முனைகளிலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசினால் கடகட சத்தமும் போகும், துருவும் தள்ளிப்போகும். பினாங்கில் கடலைப் பார்த்த அடுக்ககங்களில் உப்புக் காற்று வேறு சேர்வதால் இந்த கிரீஸை வாங்கிய அன்றே பூசிவிடுவது நல்லது.

ஈரத்தின் இரண்டாவது வேலை சுவிட்சின் தொடுமுனையில். அழுக்கும் ஆக்சைடும் படிந்தால் ஒரு முறை அழுத்தியது இரண்டாக விழும். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து கண்ணில் பட்டுவிடும், எழுத்துத் திருத்தியும் பிடித்துவிடும். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரு முறை அடித்தால் இடையில் புள்ளி தானாக விழும் என்பதால் விளைவு வேறு. ட விழும் ஆங்கில ஓ விசை இரட்டித்தால் "படம்" பட்டம் ஆகிவிடும், "பாடு" பாட்டு ஆகிவிடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள், திருத்தி வாய் திறக்காது. அனுப்பிய பிறகுதான் தெரியும். எனவே ட, த, க, ப விழும் ஓ, எல், எச், ஜே விசைகளில் சிறு சந்தேகம் வந்தாலும் உடனே பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை எளிது. சந்தேக சுவிட்சைப் பிடுங்கி, அரிதாகத் தட்டும் ஒரு விசையின் சுவிட்சோடு இடம் மாற்றுங்கள். நோய் சுவிட்சோடு போனால் குற்றவாளி சுவிட்ச். பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட் அல்லது போர்டு. சுவிட்ச் என்றால் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டுப் பல முறை அழுத்திப் பார்க்கலாம், சில நேரம் பிழைக்கும். பிழைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது. பலகை வாங்கும்போதே அதே சுவிட்சில் பத்து உபரி வாங்கி வையுங்கள், பின்னர் அதே வகை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எல்லா விசையும் ஒன்றாக இரட்டித்தால் டிபௌன்ஸ் நேரத்தை (தொடுமுனையின் அதிர்வைப் பலகை கண்டுகொள்ளாமல் விடும் நேரத்தை) உயர்த்தலாம். க்யூஎம்கேயில் இயல்பாக 5 மில்லிவினாடி, 10 ஆக்கினாலும் தட்டச்சில் வித்தியாசம் தெரியாது. பல பலகைகளில் இதை வியாவில் மாற்ற முடியாது, ஃபர்ம்வேரைத் தொகுத்து ஏற்ற வேண்டும்.

சுவிட்ச் மாட்டும்போது இரு உலோகக் கால்களும் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் கால் மடங்கும், அல்லது அடியில் இருக்கும் சாக்கெட்டே பெயர்ந்துவிடும். அதற்கு மேல் சால்டரிங் தெரிந்தவர் கையைத்தான் பிடிக்க வேண்டும். இந்த சாக்கெட்டுகள் சுமார் 100 முறை செருகி எடுக்கவே வடிவமைக்கப்பட்டவை, சுவிட்ச் மாற்றுவதையே பொழுதுபோக்காக்க வேண்டாம்.

தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கொட்டுவது நம் ஊரில் விபத்து அல்ல, தவணை. கேபிளைப் பிடுங்கு, கம்பியில்லா மாதிரி என்றால் பேட்டரி சுவிட்சை அணை, கவிழ்த்துப் பிடி. இதற்குப் பத்து வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. பிறகு கீகேப், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கீகேப்புகள் வெதுவெதுப்பான சோப்பு நீரில். போர்டை ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, மின்விசிறி முன்னால் இரண்டு நாள். ஹேர் டிரையர் வேண்டாம், அரிசி மூட்டை வைத்தியமும் வேண்டாம். பாலேடு உள்ளே போன சுவிட்சை அலசி மீட்பது நேர விரயம். இதில் பலரும் மறப்பது உள்ளே இருக்கும் ஃபோம். இப்போதைய பலகைகள் மென்மையான சத்தத்துக்காக இரண்டு மூன்று அடுக்கு ஃபோம் வைத்து வருகின்றன. மேலே எல்லாம் காய்ந்த பிறகும் அது இனிப்பு நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு போர்டின் அடியில் ஒட்டியிருக்கும். சிற்றெறும்பு வரிசை கட்டும்போதுதான் நினைவுக்கு வரும். நனைந்த ஃபோமைக் கழற்றி எறிந்துவிடுங்கள், சத்தம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சத்தத்துக்காகவே ஃபோம் திணித்த பலகையை இந்த ஊரில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவிட்ச் வகை பற்றிச் சுருக்கமாக. பங்சார் சவுத், கேஎல் சென்ட்ரல் பக்கத் திறந்தவெளி ஆஃபீஸ்களில் நீல வகை கிளிக் சுவிட்ச் பக்கத்து மேசைக்காரருக்குச் செய்யும் துரோகம். பழுப்பு வகைகூடக் காதில் விழும். மேடோ கிளிக்கோ இல்லாமல் நேராக இறங்கும், ரப்பர் தாங்கி உள்ள சைலன்ட் லீனியர்தான் ஆஃபீஸுக்கு ஏற்றது. முதலில் சேற்றில் அழுத்துவதுபோல் இருக்கும், பிறகு பழகிவிடும். எண்ணெய் போட விரும்பினால் லீனியருக்கு க்ரைடாக்ஸ் 205 கிரேட் 0. ஐந்து மில்லி புட்டி ஒரு பலகைக்குத் தாராளம். தண்டின் கால்களில் அதிகம் பூசினால் விசை மந்தமாக எழும். பழுப்பு வகையில் அந்தக் கால்களைத் தொடவே கூடாது, தட்டும்போது கிடைக்கும் மேடு மழுங்கிவிடும்.

கீகேப் பிபிடி பொருளில் இருக்கட்டும். ஏபிஎஸ் வியர்வைக் கையில் வெகு விரைவில் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். தமிழ்99 ஸ்டிக்கர்கள் மூலைகளில் சுருண்டு, பசை விரலில் ஒட்டும். அமைப்புப் படத்தை அச்சிட்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிட்டு, விசைகளைப் பார்க்காமல் அடிக்கப் பழகுவதே மேல். கற்க வேண்டியது இடக்கையில் உயிர், வலக்கையில் வ, ங தவிர்த்த மெய், அவ்வளவே. நம் ஊர் முகவரிகளுக்கு மட்டும் ஜ விழும் ஷிஃப்ட்+ஆங்கில ஈ கைக்கு வந்துவிட வேண்டும். ஜாலான், ஜொகூர், ஜார்ஜ் டவுன் எல்லாம் அதில்தான் தொடங்கும்.

கம்பியில்லா வசதி மேசையை விட்டு நகராதவர்களுக்கு வீண் செலவு. பேட்டரி உள்ள பலகையை வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள், லித்தியம் பேட்டரி உப்பினால் அடித்தகடு மேசையில் ஆட ஆரம்பிக்கும். ஆல்கஹால், பிரஷ், சால்டரிங் சாமான்களுக்கு ஜாலான் பாசார் மின்னணுக் கடைகள் போதும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு லோ யாட் விலையோடு ஒப்பிடுங்கள். கடையில் வாங்கினால் பணம் கொடுக்குமுன் வியாவில் பலகை தெரிகிறதா என்று அங்கேயே மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். கம்பியில்லா மாதிரிகளில் சில, ஜேசன் (JSON) என்கிற அமைப்புக் கோப்பு ஒன்றைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிக் கொடுத்தால்தான் தெரியும். அந்தக் கோப்பின் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாதிரி பழையதானால் தளத்திலிருந்து அது காணாமல் போய்விடலாம்.