எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார்? ஒன்பது வருடமாக நான் வைத்திருக்கும் கணக்கு

2016 ஆகஸ்ட் 8 அன்று ஜிஎஸ்டிக்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் 443–0 என்று நிறைவேறியது. எதிர்ப்பே இல்லை என்றால் எங்கள் எம்.பி.யும் ஆதரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சில வாரம் கழித்து, அவையில் நடந்ததைப் பதிவு செய்யும் அதிகாரபூர்வ விவாதத் தொகுப்பில் அன்றைய நாளைத் திறந்து ஆதரித்தவர்கள் பட்டியலில் தேடினால் அவர் பெயர் இல்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அதிமுகவிடம் இருந்த காலம் அது. அந்தக் கட்சி அன்று வெளிநடப்பு செய்திருந்தது. மசோதாவை ஏற்காதவர்கள் அத்தனை பேர் இருந்தும் எதிர்ப்புக் கணக்கில் பூஜ்யம். அன்றுதான் ஒரு எக்செல் கோப்பு தொடங்கினேன். மசோதா, தேதி, ஆதரவு, எதிர்ப்பு என்று நாலே பத்தி.

முதல் ஒரு வருடத்திலேயே அந்த நாலு பத்தி போதாது என்று தெரிந்துவிட்டது. பெரும்பாலான மசோதாக்களுக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை, ஏனென்றால் அவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் "ஆம்" என்கிறார்கள், எதிர்ப்போர் "இல்லை" என்கிறார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று சபாநாயகர் சொல்வதே முடிவு. யார் பெயரும் பதிவாகாது. யாராவது ஓர் உறுப்பினர் அந்த முடிவை ஏற்காமல் டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் மணி அடிப்பார்கள். மூன்றரை நிமிடம் கழித்து கேள்வி மறுபடி வைக்கப்படும், பெயரோடு வாக்கு பதிவாகும். கேட்டது தேவையில்லாதது என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளவும் மக்களவை விதி 367 இடம் தருகிறது.

என் கோப்பில் இன்றும் மனதை உறுத்துவது வேளாண் சட்டங்களின் வரிசைதான். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் டிவிஷன் கேட்ட குரல்கள் எழுந்தும் குரல் வாக்கெடுப்போடு முடித்தார்கள். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்பது அவைத்தலைமை சொன்ன காரணம். அடுத்த ஆண்டு நவம்பர் 29-ல் அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றபோது விவாதமே இல்லை. வந்ததும் குரலில், போனதும் குரலில். ஒரு வருடம் விவசாயிகளைத் தெருவில் உட்காரவைத்த சட்டங்களுக்கு யார் கை தூக்கினார் என்று பெயர் சொல்லும் ஏடு கிடையாது. 2023 டிசம்பரில் மூன்று குற்றவியல் சட்டங்களும் அப்படித்தான் நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் நிலைமை வேறு. வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும் என்று 368-ஆவது பிரிவு சொல்வதால் எண்ணித்தான் ஆகவேண்டும். மகளிர் இடஒதுக்கீடு 2023-ல் 454–2, பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீடு 2019-ல் 323–3. இவற்றுக்கெல்லாம் முழுப் பெயர்ப் பட்டியல் உண்டு. சாதாரண மசோதாவாக இருந்தும் வக்ஃபு திருத்தத்துக்கு 2025 ஏப்ரலில் டிவிஷன் நடந்தது, 288–232.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்றிரவு தொலைக்காட்சியில் ஓடும் எண்ணிக்கையை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். "திருத்தத்துக்கு உட்பட்டது" என்று சொல்லித்தான் சபாநாயகரே அறிவிக்கிறார். பொத்தான் வேலை செய்யாதவர்களும் தவறாக அழுத்தியவர்களும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அதன்பின் கணக்கு மாறும். ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 2024 டிசம்பர் 17-ல் அறிமுகப்படுத்தியபோது சீட்டுகளை எண்ணிய பிறகே 269–198 என்று வந்தது. விவாதத் தொகுப்பில் சீட்டு மூலம் வாக்களித்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். நான் அதற்காகக் காத்திருந்துதான் கோப்பில் ஏற்றுகிறேன்.

நாடாளுமன்றச் செயல்பாடுகளை ஆராயும் பிஆர்எஸ் நிறுவனத்தின் எம்.பி. கண்காணிப்புப் பக்கத்தையும் ஆரம்பத்திலிருந்தே பயன்படுத்துகிறேன். வருகை, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் வருகைச் சதவீதத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். அன்று வருகையைப் பதிவு செய்தார் என்பதுதான் அது, மாலையில் வாக்கெடுப்பின்போது இருந்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்வதே இல்லை.

மூன்றாவது வருடம் தொகுதிக் கூட்டம் ஒன்றில், ஒரு மசோதாவைக் குறிப்பிட்டு ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று எம்.பி.யிடமே கேட்டேன். "கொறடா உத்தரவுங்க, நான் என்ன பண்ண?" என்றார். எப்படி வாக்களிக்கவேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் கட்டளைதான் அது. கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையைப் படித்தபோது அவர் சொன்னதன் கனம் புரிந்தது. 1985-ல் வந்த அந்தக் கட்சித்தாவல் தடைப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். அப்படியானால் நான் இத்தனை நாள் எழுதிவைத்தது பெரும்பாலும் கட்சியின் முடிவைத்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கட்சியை மீறி வாக்களித்தாலே பதவி பறிபோகாது என்பதால், அங்குள்ள வாக்குப் பதிவுத் தளங்கள் தனி மனிதரைப் பற்றியே நிறையச் சொல்லமுடிகிறது. அதே அளவுகோலை இங்கே வைத்தால் ஏமாந்துபோவோம்.

அதற்குப் பிறகு பத்திகளை மாற்றினேன். வாக்கெடுப்பு குரலா டிவிஷனா, எம்.பி. அந்த மசோதாவில் பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா, கொடுத்த திருத்தத்தை அவையில் முன்மொழிந்தாரா, டிவிஷன் கேட்டாரா. இந்தக் கடைசி மூன்றுதான் எனக்கு இப்போது முக்கியம். ஒருவர் தன் தொகுதிக்காக உட்கார்ந்து உழைத்தாரா என்பது திருத்தங்களில் தெரிகிறது. பட்டியலில் பெயர் இல்லாத நாளில் வெளிநடப்பா, விடுப்பா, வெறுமனே வரவில்லையா என்று விவாதத் தொகுப்பையும் மறுநாள் செய்தித்தாளையும் வைத்துச் சரிபார்க்கிறேன். ஒரு மசோதாவுக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. மசோதா அறிமுகமானதும் அதன் எந்தப் பிரிவு எங்கள் ஊரைப் பாதிக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். எதிர்க்கிறீர்கள் என்றால் டிவிஷன் கேளுங்கள் என்பதைக் கடைசி வரியாகச் சேர்க்கிறேன். இதுவரை பதினோரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்குப் பதில் வந்தது.