ஓஷன் சிட்டி போர்டுவாக்: மூன்று தலைமுறையோடு போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

நியூ ஜெர்சிக் கடற்கரையில் போர்டுவாக் (கடலோரமாகப் பலகை போட்ட நடைபாதை) உள்ள ஊர்கள் பல. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, ஸ்ட்ரோலர் குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாரும் ஒரே வண்டியில் போவதென்றால் ஓஷன் சிட்டிதான் சரிப்பட்டு வரும். (மேரிலாந்திலும் இதே பெயரில் ஒரு கடற்கரை ஊர் உண்டு. ஜிபிஎஸ்ஸில் மாநிலத்தைப் பார்த்துப் போடுங்கள்.) 1879இல் மெதடிஸ்ட் பாதிரிமார்கள் உருவாக்கிய ஊர் இது. அவர்கள் கொண்டுவந்த மதுவிலக்கு இன்னும் இருக்கிறது. கடைகளில் விற்பனை கிடையாது, உணவகத்துக்குப் பாட்டில் எடுத்துப் போகவும் முடியாது. 2012இல் வாக்கெடுப்பு வைத்தும் ஊர்க்காரர்கள் அதைத் தளர்த்தவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் பாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்க முடிகிறதென்றால் அதற்கு இது பெரிய காரணம்.

பலகைப் பாதை மொத்தம் இரண்டரை மைல் நீளம், செயின்ட் ஜேம்ஸ் பிளேஸிலிருந்து 23ஆம் தெரு வரை. கடைகள் பெரும்பாலும் 6ஆம் தெருவுக்கும் 14ஆம் தெருவுக்கும் நடுவில்தான். அதற்குத் தெற்கே ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மணல்மேடு. மூட்டுவலி உள்ளவர்களை முழு நீளமும் நடக்க வைக்காதீர்கள். 9ஆம் தெரு அருகே இறக்கிவிட்டால் வேண்டியதெல்லாம் கிட்டத்திலேயே கிடைக்கும். இந்தப் பக்கத்தில் முதல் போர்டுவாக் 1870இல் அட்லாண்டிக் சிட்டியில் வந்தது. கடலுக்குப் போய் வருகிறவர்கள் காலோடு கொண்டுவந்த மணல் ஓட்டல் கூடத்தையும் ரயில் பெட்டியையும் நாசம் செய்ததால் போட்ட பலகை அது. ஆனால் வெறுங்காலோடு நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிலாம்பு ஏறும், வெயில் நேரத்தில் சுடும். குச்சி ஹீல்ஸ் பலகை இடுக்கில் மாட்டும். பெரியவர்களுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு நல்லது.

போர்டுவாக் நன்றாக இருப்பது காலை ஒன்பதரைக்கு முன்னாலும், சாயங்காலம் வெயில் தணிந்த பிறகும்தான். நடுப்பகலில் அங்கே அலைவது வீண். பெரும்பாலான குடும்பங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்கு வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டு வந்து சேர்வார்கள். அப்போது நிழல் இல்லை, பிள்ளைகளுக்குப் பசி, எல்லாக் கடையிலும் வரிசை. கோடையில் சைக்கிளுக்கும் மதியம் வரைதான் அனுமதி. நாலு சக்கரமும் மேலே கூரையும் வைத்த சர்ரி வண்டியை வாடகைக்கு எடுத்தால் பெரியவர்கள் மிதிக்க, சின்னப் பிள்ளைகள் முன்கூடையில் உட்காரலாம். கனமான வண்டி அது. எதிர்க்காற்றில் தொடை பிடித்துக்கொள்ளும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வரும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். சைக்கிள் தடம் தனியே குறித்திருக்கிறது. நம் ஆட்கள் போட்டோ எடுக்க நிற்பது சரியாக அதன் நடுவில்தான்!

இனி சாப்பாடு. சைவக்காரர்கள் ஏமாறுவது இறைச்சியில் அல்ல, முட்டையிலும் எண்ணெயிலும்.

முதலில் ஃப்ரோசன் கஸ்டர்ட். பார்க்க சாஃப்ட் சர்வ் ஐஸ்கிரீம் மாதிரியே இருக்கும். அமெரிக்க உணவு விதிப்படி அதில் குறைந்தது 1.4 சதவீதம் முட்டை மஞ்சள்கரு இருந்தால்தான் அந்தப் பெயரையே வைக்கலாம். 1919இல் கோனி ஐலண்டில் கடை போட்ட கோர் சகோதரர்கள், சீக்கிரம் உருகாமல் கெட்டியாக நிற்பதற்காக முட்டை சேர்த்தார்கள். அந்த வழிதான் கடற்கரை முழுக்கப் பரவியது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஆரஞ்சும் வெனிலாவும் சுருண்டு வரும் ட்விஸ்ட் அருமை. மற்றவர்கள் வாட்டர் ஐஸ் எனப்படும் பழ ஐஸ் பக்கம் போகலாம், அதிலும் பால் கலந்தது எது என்று கேட்டுக்கொண்டு.

ஃபனல் கேக் மாவிலும் முட்டை உண்டு. புனல் வழியாகச் சூடான எண்ணெயில் மாவைச் சுற்றிச் சுற்றி ஊற்றிப் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரை தூவித் தருவார்கள். நம் ஜாங்கிரிக்கு முறுக்கு வேஷம் போட்டது போல இருக்கும். நாலு பேருக்கு ஒன்று போதும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை முழுக்கச் சட்டையில்தான்.

பிரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: இதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்? கோழியும் இறாலும் விற்கிற கடையில் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான். உருளைக்கிழங்கும் லெமனேடும் மட்டும் விற்கிற கடையில் இந்தத் தொல்லை குறைவு, ஃப்ரைஸும் மொறுமொறுப்பாக இருக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையானால் எண்ணெய் கடலை எண்ணெயா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வினிகர் தெளித்துச் சாப்பிடுவது இங்கே வழக்கம். கெட்சப்பைவிட அது நம் நாக்குக்கு நன்றாக ஒத்துப்போகிறது. லெமனேடில் சர்க்கரை மிக அதிகம். பாதி போடச் சொன்னால் போடுவார்கள், கண்ணெதிரேதான் கலக்குகிறார்கள்.

பிட்சாவுக்கு மேன்கோ அண்ட் மேன்கோ. 1956 முதல் இருக்கிற கடை. பெயர் மட்டும் பின்னால் மாறியது. மெல்லிய மாவு. மற்ற இடங்களில் சாஸ் கீழே, சீஸ் மேலே. இங்கே சீஸைப் பரப்பிவிட்டு, குழாயிலிருந்து சாஸைச் சுருள் சுருளாக மேலே விடுகிறார்கள். கவுண்டரில் நின்று அதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. தக்காளியின் புளிப்பு முதலில் நாக்கில் படும். சீஸ் கனம் தெரியாது. நாலு பேர் என்றால் ஸ்லைஸ் கணக்கில் வாங்காமல் முழு பிட்சாவாகச் சொல்லுங்கள். சீஸில் ரெனட் (கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்) சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கண்டிப்பான சைவக்காரர்களுக்கு எந்தக் கடை பிட்சாவும் சந்தேகம்தான்.

1940இல் தொடங்கிய ஜான்சன்ஸின் கேரமல் பாப்கார்னை விட்டுவிட்டு வரக்கூடாது. செப்புக் கொப்பரையில் கிளறிக் கொட்டியதும் வெதுவெதுப்பாக வாங்கிச் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வாங்குவதானால் மூடி உள்ள வாளியாக வாங்குங்கள். கடல்காற்று பட்டால் நமுத்துப்போய்க் கையில் ஒட்டும். 1898 முதல் நடக்கும் ஷ்ரைவர்ஸில் டாஃபி கிடைக்கும். சால்ட் வாட்டர் டாஃபி என்ற பெயருக்கும் கடல்நீருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் டாஃபி வகைகளில் ஜெலட்டினோ முட்டை வெள்ளைக்கருவோ சேர்ப்பதுண்டு, எந்தக் கடையானாலும் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல மீன் போர்டுவாக்கில் இல்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் மாவில் தோய்த்துப் பொரித்தது. தெற்கே கேப் மே, ஸ்காலப் என்ற சிப்பி வகையின் பிடிப்பில் பெயர் போன துறைமுகம். படகுத்துறையை ஒட்டிய கடைகளில் சாப்பிட்டால் வித்தியாசம் புரியும். காரம் மட்டும் எங்கேயும் எதிர்பார்க்காதீர்கள். அடுப்படி உள்ள வாடகை வீடு எடுத்து, ரைஸ் குக்கரும் ஊறுகாயும் கொண்டுபோனால் மதியம் தயிர்சாதம், ராத்திரி போர்டுவாக் என்று பெரியவர்கள் வயிறு தப்பிக்கும்.

வாங்கியதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் கடற்காகம் பறித்துக்கொண்டு போய்விடும். முதுகுப் பக்கமிருந்துதான் வரும், சத்தமே கேட்காது. தொல்லை தாங்காமல் 2019இல் நகராட்சி ராஜாளி, பருந்து, ஆந்தைகளைப் பழக்கி வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுக் கடற்காகங்களை விரட்டச் சொன்னது. வேட்டையாடும் பறவை தலைக்கு மேல் வட்டமிட்டாலே கடற்காகம் ஒதுங்கிவிடும். இருந்தாலும் கூரைக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவதே நல்லது. பறவைக்கு ஒரு துண்டுகூடப் போடாதீர்கள்.

ரைடுகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் 6ஆம் தெருவில் வொண்டர்லேண்ட் பியர் (pier, கடலோரக் கேளிக்கைப் பூங்கா), அதன் ராட்டினம் என்று இருக்கும். அது 2024 அக்டோபரோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது 10ஆம் தெரு அருகேயுள்ள பிளேலாண்ட்ஸ் காஸ்ட்அவே கோவ்தான். டிக்கெட் வாங்கும் முன் பிள்ளையை உயரக் குச்சியோடு நிறுத்திப் பாருங்கள். கட்டு கட்டாக வாங்கிவிட்டு, அரை அங்குலம் குறைந்ததால் அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்வது பெரிய பாடு. இரவு 8 மணிக்கு மேல் பெரிய பேக்பேக்கோடு போர்டுவாக்கில் நடக்கத் தடை உண்டு. கைப்பையாகக் கொண்டுபோங்கள்.

கடலில் இறங்க, கோடைப் பருவத்தில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு பீச் டேக் (காசு கொடுத்து வாங்கும் அனுமதி வில்லை) வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் தினம் (செப்டம்பர் முதல் திங்கள்) கழிந்தால் தேவையில்லை. செப்டம்பரில் தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போது லைஃப்கார்டு உள்ள இடங்கள் குறைந்துவிடும், காவல் இருக்கிற தெருவுக்கு நேரே மட்டும் இறங்குங்கள். ஜூலையிலும் சில நாள் தண்ணீர் ஐஸாக இருப்பது எதனால் என்றால், தென்மேற்குக் காற்று நாள்கணக்கில் வீசும்போது மேல்நீரை வெளியே தள்ளிவிடுகிறது, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. அதே மாதத்தில் மேற்கே சதுப்பு நிலத்திலிருந்து காற்று வந்தால் பச்சைக் கண் ஈ வந்து சேரும். சுரீரென்று கடிக்கும், கொசு மருந்துக்கு அவ்வளவாக மசியாது. அப்படிப்பட்ட நாளைச் சுற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிப் பார்ப்பதில் பலர் தவறவிடுவது, ஊருக்குள் வரும் 9ஆம் தெருப் பாலத்தின் நடுவில் இருக்கும் தகவல் மையம். பாலத்துக்குக் கீழே மரத்தீவில் இராக்கொக்கு, வெண்கொக்கு, அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டுகின்றன. மேலே நின்று பார்ப்பதால் கூடுகள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஜூன் மாதத்தில் குஞ்சுகள் வாய் திறந்து நிற்பது பைனாகுலர் இல்லாமலே தெரியும். காசு கிடையாது, நடை கிடையாது, தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே அளவு பிடிக்கும். வடக்கே மார்கேட்டில் லூசி என்ற ஆறு மாடி உயர யானைக் கட்டடம், 1881இல் மனை விற்க ஆள் சேர்ப்பதற்காகக் கட்டியது. காலுக்குள் இருக்கும் சுழல்படி ஏறி வயிற்றுக்குள் போக வேண்டும். கேப் மே கலங்கரை விளக்கத்துக்கு 199 படி. முட்டி சரியில்லாதவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் முணுமுணுத்தால் ஒரு சாயங்காலம் வைல்ட்வுட்டுக்குக் கூட்டிப் போங்கள். மோரீஸின் மூன்று பியர்கள், பெரிய ரோலர் கோஸ்டர்கள், இரைச்சல். கடற்கரை இலவசம். ஆனால் தெற்கே துறைமுக வாயிலில் கட்டிய கல்சுவரில் மணல் தேங்கித் தேங்கிக் கரை அகன்றுபோனதால் தண்ணீரைத் தொடுவதற்குள் சுடுமணலில் நீண்ட நடை. 1939 நியூ யார்க் உலகக் கண்காட்சியில் ஓடிய டிராம் வண்டிகளின் வரிசை இங்கே 1949 முதல் ஓடுகிறது. ஏறிக்கொண்டால் பெரியவர்கள் இரண்டு மைலும் உட்கார்ந்தே பார்க்கலாம். அங்கே மதுக்கடைகள் உண்டு, இரவு நேரக் கூட்டம் வேறு மாதிரி.

வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கு சனி. படுக்கை விரிப்பும் துண்டும் பல வீடுகளில் தரமாட்டார்கள், முன்னதாகவே கேளுங்கள். சனிக்கிழமை கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் சேர்ந்து நெரியும். ஒருநாள் பயணம் என்றால் செவ்வாய், புதன் பாருங்கள். போர்டுவாக்கின் நடுப்பகுதிக்கு எக்ஸிட் 30 வழியாக 9ஆம் தெருப் பாலம், தெற்கு முனைக்கு எக்ஸிட் 25 வழியாக 34ஆம் தெரு. ஞாயிறு சாயங்காலம் திரும்புவதானால் பிள்ளைகளை அங்கேயே சாப்பிட வைத்து எட்டரைக்கு மேல் கிளம்புங்கள்.