நமீப் பாலைவனத்தில் மூன்று சொகுசு விடுதிகள்: பணம் எங்கே போகிறது?

நமீபியாவின் செஸ்ரியம் பூங்கா வாயிலில் சூரியன் எழும் நேரத்தில் காத்து நின்ற வண்டிகளின் வரிசையில் எங்களுடையது ஒன்பதாவது. முந்தைய இரவு தங்கிய விடுதிக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்குப் பதினெட்டாயிரம் நமீபிய டாலர் கொடுத்திருந்தேன். அந்த விடுதியின் விளம்பரப் படத்தில் இருவர் மணற்குன்றின் உச்சியில் அமர்ந்து சூரியோதயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமீப்-நௌக்லுஃப்ட் தேசியப் பூங்காவின் வெளிவாயில் சூரியன் எழும்போதுதான் திறக்கும் என்பதும், அங்கிருந்து சோசுஸ்ஃப்ளெய் குன்றுகளுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும் என்பதும் அந்தப் படத்தின் கீழே எழுதப்பட்டிருக்கவில்லை. வாயிலுக்கு உள்ளே இருக்கும் அரசு விடுதியிலும் முகாம் திடலிலும் தங்குபவர்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே விட்டுவிடுகிறார்கள். ஆகவே, சில நூறு டாலர் கொடுத்துக் கூடாரம் அடித்துத் தூங்கியவர்கள் 'டூன் 45' என்னும் குன்றின் உச்சியில் இருந்தபோது, நாங்கள் சூரியனை வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பூங்காவுக்குள் நுழையத் தனி வாயில் வைத்திருக்கும் விடுதிகளும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது அந்த வகை அல்ல. நான் தேர்ந்தெடுத்தது நீச்சல் குளத்தைப் பார்த்து.

ஜூலை மாதத்தில் ஏழு இரவுகள், மூன்று விடுதிகள்: செஸ்ரியம் அருகே இரண்டு, நமீப்ராண்ட் காப்பகத்தில் இரண்டு, வடமேற்கே ஹொவானிப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று. திரும்பி வந்து ரசீதுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: அறைக்காகவும் குளத்துக்காகவும் கொடுத்த பணம் பெரும்பாலும் வீண், நிலத்துக்காகவும் வழிகாட்டிக்காகவும் கொடுத்தது, எவ்வளவு கூடுதலாகத் தோன்றினாலும், வீண் அல்ல.

'லாட்ஜ்' என்ற சொல் நமக்குத் தரும் படத்தை முதலில் அழித்துவிட வேண்டும். இங்கே அது எட்டோ பத்தோ குடில்கள், ஒன்றின் விளக்கு இன்னொன்றுக்குத் தெரியாத தொலைவில். உணவு, வண்டி, வழிகாட்டி எல்லாம் கட்டணத்தில் அடக்கம், ஏனென்றால் வெளியே போய் வாங்க ஒரு கடை கிடையாது. தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரியத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். அதில் பெரும்பகுதி சரளைச் சாலை. தக்காளியும் டீசலும் அந்தச் சாலையில்தான் வருகின்றன. ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் மழையையும் எட்டாத இடத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து, நான் தங்கிய முதல் விடுதி ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு குட்டிக் குளம் கட்டிவைத்திருந்தது. ஜூலையில் அதன் நீரில் கால் வைக்க முடியவில்லை, அத்தனை குளிர். இரண்டு நாளும் அதைப் பயன்படுத்தியது ஒரு குருவிக் கூட்டம் மட்டுமே.

அந்த விடுதியைக் குறை மட்டும் சொல்வது நியாயமல்ல. துணிகளைத் துவைத்து மாலைக்குள் மடித்துத் தந்தார்கள். இரவில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள், அதற்காக மட்டுமே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி வண்டி ஓட்டுநராகவே நடந்துகொண்டார். டெட்ஃப்ளெய் என்னும் வெண்களிமண் படுகையில் அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே பட்டுப்போன ஒட்டகமுள் மரங்கள் இன்னும் கறுத்து நிற்கின்றன. அவை நமது வேல மரத்தின் உறவு. ஆறு திசை மாறி, மணல் அடைத்து, நீர் நின்றுபோனதால் செத்த மரங்கள். மட்கவும் ஈரம் வேண்டுமே, அது இல்லாததால் அப்படியே நிற்கின்றன. இதை நான் முன்பே படித்திருந்தேன். நேரில் நிற்கும்போது ஒருவர் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; பதினொரு மணிக்கு விடுதியில் சிற்றுண்டி.

நமீப்ராண்டுக்குச் சாலை வழியாகவே போனோம். வண்டியை நீங்களே ஓட்டுவதாக இருந்தால் வாடகை நிறுவனத்திடம் இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள்; சரளைக் கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், பஞ்சர் ஒட்டும் கடை அடுத்த நூறு கிலோமீட்டரில் இருக்கும் என்று எவரும் உறுதி தரமாட்டார்கள்.

இந்தக் காப்பகம் 1984இல் ஒரு தனி மனிதர் ஆட்டுப் பண்ணை ஒன்றை வாங்கியதிலிருந்து வளர்ந்தது. வறட்சியில் நொடித்துப்போன பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன; வேலிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அளவுக்குப் பிடுங்கப்பட்டன; இன்று இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட வேலியற்ற நிலம். இதற்குள் எத்தனை படுக்கைகள் இருக்கலாம் என்பதற்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். விருந்தினர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு காப்பகத்தைப் பராமரிக்கப் போகிறது. ரசீதில் அந்த வரியைப் பார்த்தபோது முதன்முறையாக எனக்கு வயிறு எரியவில்லை.

அறை எளிமையானது. மரத்தளம், கித்தான் சுவர், குளம் இல்லை, குளிரூட்டி இல்லை. கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு கண்ணாடிச் சாளரம். 2012இல் நமீப்ராண்டை ஆப்பிரிக்காவின் முதல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள்; அந்தப் பட்டத்தின் பொருள் என்ன என்பதை அன்று இரவு விளக்கை அணைத்ததும் புரிந்துகொண்டேன். விருச்சிகம் தலைக்கு நேர் மேலே கொடுக்கோடு முழுமையாகக் கிடந்தது. தென்சிலுவையின் அருகே வானத்தில் ஒரு கறுப்புத் திட்டு. அதை மேகம் என்று நினைத்தேன். விண்மீன்களை மறைக்கும் தூசுப்படலம் அது என்றும், கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு இருள் இங்கே உண்டு என்றும் வழிகாட்டி சொன்னார். விடியலுக்கு முன் எழுந்து வெளியே வந்தால் மகெல்லன் மேகங்கள் என்னும் அண்டை விண்மீன் மண்டலங்கள் இரண்டும் தெற்கே பிய்த்துப் போட்ட பஞ்சு போலத் தெரியும் என்றும் சொன்னார். வெப்பநிலை நான்கு டிகிரி. எழுந்து வந்தேன்; தெரிந்தன.

இந்த வழிகாட்டியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். டமாரா இனத்தவர், நாவைச் சொடுக்கிப் பேசும் கொய்கொய் மொழி அவருடையது. 'நமீப்' என்ற பெயரை அவர் வாயால் கேட்டபோதுதான் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதே உறைத்தது. முதல் நாள் மாலை நாங்கள் வண்டியில் போனது மொத்தம் மூன்று கிலோமீட்டர். மிச்ச நேரம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மணலில் இழுத்தார். கறுப்புத் துகள்கள் அதில் மயிர் போலக் குத்திட்டு நின்றன. குன்றின் சரிவில் நாம் நிழல் என்று நினைக்கும் கரிய கோடுகள் அந்த இரும்புத் தாதுதான். மணலின் சிவப்புக்கும் இரும்பே காரணம், ஆனால் அது துரு. கடலோரத்தில் வெளிறியிருக்கும் மணல் உள்ளே வர வர வயதாகிச் சிவக்கிறது.

பிறகு சரளைத் தரையில் மண்டியிட்டு, விரல் நகம் அளவுள்ள ஒரு குழியைக் காட்டினார். அதன் வாயைச் சுற்றி ஏழு கூழாங்கற்கள், ஏறத்தாழ ஒரே அளவில், கொலுவில் அடுக்கியதைப் போல. உள்ளே ஒரு சிலந்தி இருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் அது ஓர் இழையைக் கட்டிவைத்திருக்கிறது. எறும்பு கல்லில் உரசினால் உள்ளே அதிர்வு தெரியும். அவர் ஒரு புல் நுனியால் ஒரு கல்லை மெல்லத் தொட்டார். குழியின் வாயில் இரண்டு கால்கள் மின்னலாக வந்து போயின. நாங்கள் நால்வரும் வாய் பேசாமல் அந்தக் குழியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். இங்கே கொடுத்த பதினாறாயிரம் டாலருக்கான நியாயம் அந்தக் குழிதான் என்று பட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பகலில் ஓரிக்ஸ் மானைக் காட்டி, அதன் மூக்கில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குளிர்விப்பதால் அது நாற்பது டிகிரி வெயிலைத் தாங்குகிறது என்று விளக்கினார்கள். இரவு உணவில் அதே மானின் இறைச்சி தட்டில் வந்தது. நமீபியாவில் அது வழக்கமான உணவு, சட்டத்துக்கு உட்பட்டது. எனினும் எனக்கு இறங்கவில்லை. காய்கறி உணவு கேட்பவர்களுக்கு மூன்று விடுதிகளிலும் மனமுவந்து சமைத்தார்கள், ஆனால் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்தால்தான். வந்த பிறகு சொன்னால் பூசணிக்காயே மூன்று வேளையும்.

ஹொவானிப்புக்கு விமானம் மட்டுமே வசதி. பன்னிரண்டு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம். பெட்டி கூடாது, மடங்கும் துணிப்பைதான், கேமராவோடு சேர்த்து இருபது கிலோ. பையை மட்டுமல்ல, ஆளையும் எடை போட்டார்கள். பனிமூட்டத்தால் புறப்பாடு மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. கடலோரத்து பெங்குவேலா குளிர்நீரோட்டத்தின் புண்ணியத்தில் வரும் அந்தப் பனிதான் இந்தப் பாலைவனத்து உயிர்களில் பலவற்றுக்குக் குடிநீர் என்பதால் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தாமதத்தால் தவறிப்போன மாலைச் சுற்றுக்கு விடுதி எந்த ஈடும் தரவில்லை. கேட்டதற்கு ஒரு கிளாஸ் ஒயின் நீட்டினார்கள்.

ஹொவானிப் ஓர் ஆறு என்று வரைபடம் சொல்கிறது. ஆண்டில் சில நாள் வெள்ளம் வந்தால் பெரிது. மற்ற நாட்களில் மணல். மற்ற மரங்கள் இலையுதிர்க்கும் வறண்ட காலத்திலும் பச்சையாக நிற்கும் 'ஆனா' எனப்படும் மரங்களே இங்குள்ள யானைகளுக்கு உணவுக் களஞ்சியம். 'பாலைவன யானை' என்பது தனி இனம் அல்ல. அதே ஆப்பிரிக்க யானை, தாகத்தைத் தாங்கவும் தொலைதூரம் நடக்கவும் தலைமுறைகளாகக் கற்றுக்கொண்டது. இரண்டாம் நாள் காலை ஒரு தாயும் கன்றும் நிற்கக் கண்டு வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எதுவும் நடக்கவில்லை. பிறகு தாய், ஆற்றுமணலைக் காலால் பறித்து, துதிக்கையைக் குழிக்குள் விட்டு, காத்திருந்து, ஊறிய நீரை உறிஞ்சியது. கன்று குழிக்குள் தலையை விட்டுக் கொஞ்சம் மணலும் தின்றது. எங்களோடு வந்த ஒருவர், இன்னும் ஒரு சிங்கத்தையும் காட்டவில்லையே என்று கேட்டார். நானும் மூன்று நாளில் சிங்கத்தைப் பார்க்கவில்லை; காலடித் தடத்தை மட்டும் பார்த்தேன். விலங்குகளை எண்ணிக் கணக்கு வைப்பவர்களுக்கு நமீபியாவில் எடோஷா பூங்கா இருக்கிறது. அவர்கள் இங்கே வந்தால் ஏமாற்றம்தான்.

விலை இருபத்து நான்காயிரம், மூன்றிலும் அதிகம். அந்தப் பணம் போகும் திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1996இல் செய்த சட்டத் திருத்தத்தால், பொதுநிலத்தில் வாழும் மக்கள் தங்கள் பகுதியைக் காப்புநிலமாகப் பதிவுசெய்து, அங்குள்ள காட்டுயிர்களையும் சுற்றுலாவையும் கொண்டு வருமானம் ஈட்டும் உரிமையைப் பெற்றார்கள்; 1998இல் முதல் பதிவுகள் நடந்தன. விடுதிகள் அந்த மக்களுக்குக் குத்தகை செலுத்துகின்றன, வேலை தருகின்றன. எங்கள் கூடாரத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணியும் சமையற்காரரும் பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். ஆட்டுக்குட்டியைச் சிங்கம் தூக்கிப்போகும் ஊரில் சிங்கத்தைச் சுடாமல் விடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

கடைசி நாள் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். எலும்புக்கூட்டுக் கடற்கரை என்ற பெயருக்கு ஏற்பத் திமிங்கல எலும்பும், கடல்நாய்க் கூட்டமும், பனியும். அழகுதான், ஆனால் போகவர ஒரு முழுநாள் குலுங்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் பள்ளத்தாக்கிலேயே இருந்துவிடலாம்.

முன்பதிவு செய்யுமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: பூங்காவுக்குள் எந்த வாயில் வழியாக, எத்தனை மணிக்குப் போவீர்கள், ஒரு வண்டிக்கு எத்தனை பேர், தங்கும் நாள் முழுவதும் ஒரே வழிகாட்டியா, நிலம் யாருடையது, அவர்களுக்கு என்ன போகிறது. தனியாகப் போகிறவர்களிடம் பல விடுதிகள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பக்காற்று பலூன் சவாரி 'எல்லாம் அடக்கம்' என்பதில் அடங்காது. தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் ஒரே மதிப்பு, ராண்டும் செல்லும். ஆனால் மிஞ்சிய நமீபிய டாலரை எல்லை தாண்டி மாற்றுவது பாடு. ஜூலையில் போனால் கம்பளித் தொப்பி கட்டாயம், திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று காதை அறுக்கும்.

அடுத்த முறை செஸ்ரியத்தில் அந்தக் குளத்து விடுதிக்குப் போகமாட்டேன். வாயிலுக்கு உள்ளே முகாம் திடலில் கூடாரம் அடித்து டூன் 45இல் இருட்டிலேயே ஏறிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் ஹொவானிப்பில் நான்காவது இரவு தங்குவேன்.